பாதியில் நிற்கும் நாவலை எழுதி முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் தமிழில் கதை எழுதுகிறவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறவர்கள், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களில் பலரிடம் ஒரு நாவல் இருக்கிறது, ஆனால் பாதியில் இருக்கிறது. அவர்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் பேசினபடியே விட்டிருக்கிறேன். கதையை எப்படிக் கட்டுவது, பாத்திரங்களை எப்படி உருவாக்குவது என்பதெல்லாம் இதில் வராது. முதல் வரைவு முடியும்வரை மனம் தளராமல் எழுதுவதும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கு வைப்பதும் மட்டும்தான்.

அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை எழுதணும்?

மோசமான ஒரு நாளில் உங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நல்ல நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு அமைதியாக இருந்தபோது 900 சொல் வந்தது என்பதற்காகத் தினமும் 900 என்று வைத்தால், புதன்கிழமைக்குள் பாக்கி ஏறிவிடும், பாக்கி ஏறினதும் நோட்டைத் திறக்கவே மனசு வராது. கடையை மூடி, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கின பிறகு கண் எரிகிற ராத்திரியில் 200 சொல் எழுத முடியுமா? சரி, உங்கள் அளவு 200தான். அது குறைவே இல்லை.

நாள் கணக்கைவிட வாரக் கணக்கு நமக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வாரத்துக்கு 1,200 என்று வைத்துக்கொண்டால் ஆறு நாள் 200 எழுதலாம், அல்லது இரண்டு நாள் விட்டுப்போய் சனிக்கிழமை சேர்த்து எழுதலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த ஆந்தனி டிராலப் இப்படித்தான் செய்தார். வாரவாரமாகப் பிரித்த ஒரு டைரி வைத்து, எழுதின பக்கங்களை அதில் குறித்தார். பக்கத்துக்கு 250 சொல், வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். ஆனால் அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு சில காலம் 20 பக்கமாக இறங்கியிருக்கிறது, 112 வரை ஏறியும் இருக்கிறது. அவரைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது 40 என்ற எண்ணை இல்லை, வாழ்க்கைக்குத் தகுந்தபடி அளவை மாற்றிக்கொண்டே கணக்கை மட்டும் விடாமல் வைத்திருந்ததை.

நாவல்னா மொத்தம் எத்தனை வார்த்தை இருக்கணும்? எப்ப முடியும்?

தமிழில் டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொல் வரும். 40,000 சொல் எழுதினால் 160 முதல் 200 பக்கம், முதல் நாவலுக்கு அது தாராளம். இணையத்தில் ஆங்கிலக்காரர்கள் 80,000, 90,000 என்று சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாம் வேற்றுமையையும் துணைவினையையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறோம், அவர்கள் அதையே நாலைந்து சொல்லாகப் பிரித்து எழுதுகிறார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

வாரத்துக்கு 1,200 என்றால் 40,000 சொல்லுக்கு 34 வாரம், அதாவது எட்டு மாதம். அதோடு எழுத முடியாமல் போகிற வாரங்களையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்: திஞ்சான், தீபாவளி, கோயில் திருவிழா, யாராவது வீட்டில் படுத்துவிடுவது. ஆக ஒரு வருடம். ஒரு வருடம் என்று தெரிந்து உட்காருகிறவர் மூன்றாவது மாதத்தில் 'இன்னும் முடியலையே' என்று உடைந்துபோக மாட்டார்.

நவம்பர்ல ஒரே மாசத்துல ஐம்பதாயிரம் வார்த்தை எழுதுவாங்களாமே, நாமளும் செய்யலாமா?

'நேநோரைமோ' என்று சொல்வார்கள். 1999இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் சேர்ந்து ஆரம்பித்தது, பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. 30 நாளில் 50,000 என்றால் தினம் 1,667 சொல். அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச் மாதம் மூடப்போவதாக அறிவித்துவிட்டது, ஆனாலும் தனியாகச் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருப்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு முதல் நாவலை எழுதுகிறவருக்கு அந்த வேகத்தை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வருடத்தில் ஒரு காலத்தை எழுத்துக்கென்று ஒதுக்குவது நல்ல யோசனை, அதற்கு நமக்கு நவம்பரைவிட மழைக்காலம் வசதி. ஜூலையில் வாசோ பௌர்ணமியிலிருந்து அக்டோபரில் தடிஞ்சு பௌர்ணமி வரைக்கும் பர்மாக்காரர்கள் வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நமக்கும் ஆடியில் கல்யாணம் கிடையாது. அழைப்பிதழ்கள் குறைந்து, மழையால் சாயங்காலம் வெளியே போவதும் குறைகிற அந்த மாதங்களில் வார அளவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

கணக்கை எதுல வைக்கிறது? நோட்டுலயா, போன்லயா?

எதில் வைத்தால் தினமும் கை போகுமோ அதில். எனக்கு நோட்டுதான் பிடிக்கும், சார்ஜ் தீர்ந்தாலும் திறக்கலாம். போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருக்கிறவர்களும் உண்டு, மாதக் கூட்டல் தானாக வந்துவிடும். கூகுள் டாக்ஸில் எழுதுகிறீர்கள் என்றால் மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால் சொல் எண்ணிக்கை தெரியும்.

எதில் வைத்தாலும் நாலு விஷயம் எழுதுங்கள்: தேதி, எந்தக் காட்சி, எத்தனை சொல், அடுத்து என்ன. பெரும்பாலானவர்கள் முதல் மூன்றை எழுதிவிட்டு நாலாவதை விட்டுவிடுகிறார்கள், எனக்கோ அந்த நாலாவதுதான் உயிர். உதாரணத்துக்கு இப்படி: "செவ்வாய். பசுண்டாங் வீட்டில் அத்தை இரும்புப் பெட்டியைத் திறக்கிறாள். 240. அடுத்து: உள்ளே இருக்கிற ரசீதை மாமா பார்த்துவிடுகிறார், எரிக்கச் சொல்கிறார்." இதை எழுதி வைத்துவிட்டு எழுந்தால், அடுத்த தடவை உட்காரும்போது வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு 'எங்கே விட்டோம்' என்று அரை மணி நேரம் போகாது. அதற்காகவே, தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு எழாதீர்கள். அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும்.

சிலருக்குக் கண்ணால் பார்த்தால்தான் உற்சாகம் வரும். ஒரு அட்டையில் 40 கட்டம் போட்டு, ஆயிரம் சொல்லுக்கு ஒரு கட்டம் வண்ணம் அடியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம். 'இன்னும் அடிக்கலையா' என்று அவர்களே கேட்பார்கள்.

நான் கையாலதான் எழுதுறேன், எப்படி எண்றது?

எண்ண வேண்டாம். உங்கள் கையெழுத்தில் நிரம்பின மூன்று பக்கங்களை மட்டும் ஒரு தடவை எண்ணிச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள், 160 வருகிறது என்று வைப்போம். அதற்கப்புறம் பக்கம்தான் அளவு. வலது பக்கத்தில் மட்டும் எழுதி இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள், திருத்தங்களுக்கு அது வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் மை ஊறிவிடும் என்பதால் பால்பாயின்ட் பேனாவே நல்லது. வாரக் கடைசியில் எழுதின பக்கங்களைப் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், ஒரே ஒரு பிரதியை மட்டும் நம்பி ஒரு வருட உழைப்பை வைக்கக் கூடாது.

கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியல, இதுல எங்க நேரம் ஒதுக்கி எழுதுறது?

நேரத்தை ஒதுக்காதீர்கள், வேலையைப் பிரித்துவையுங்கள். இருட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: அடுத்த காட்சியில் யார் இருக்கிறார்கள், யார் முதலில் பேசுவார்கள் என்று யோசிப்பது, யோசித்ததைப் போனில் குரலாகப் பதிந்துவைப்பது. குரல் பதிவுக்கு இணையம் வேண்டாம். போன் சார்ஜ் இருந்தால் செய்யக்கூடியது இன்னொன்று: திரை வெளிச்சத்தைக் குறைத்து, விமானப் பயன்முறையில் போட்டு உரையாடல்களை மட்டும் தட்டுவது. டாக்ஸில் எழுதுகிறவர்கள் அந்தக் கோப்பை 'ஆஃப்லைன்' என்று முன்கூட்டியே மாற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெட் இல்லாதபோது திறக்காது. விவரணையும் நீளமான காட்சிகளும் கரண்ட் இருக்கும்போது.

இப்படிப் பிரித்துவிட்டால் கரண்ட் போனால் எழுத்து போச்சு என்ற நிலை இருக்காது, எந்த வேலை என்பது மட்டும்தான் மாறும். ஒரே ஒரு எச்சரிக்கை, குரலாகப் பேசினதைச் சொல் கணக்கில் சேர்க்காதீர்கள். எழுத்தாக மாறின பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வார்த்தை ஏறிக்கிட்டே போகுது, ஆனா கதை நகர்ற மாதிரி தெரியலையே?

சொல் எண்ணிக்கை நீங்கள் உட்கார்ந்தீர்களா என்பதை மட்டும்தான் காட்டும். கதை நகர்கிறதா என்று தெரிய நோட்டில் இரண்டாவது பத்தியை, அதாவது காட்சியின் பெயரை எழுதியிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே 'இதில் என்ன மாறியது' என்று ஒரு வரி எழுதுங்கள். யாரோ ஒன்றைத் தெரிந்துகொண்டார், இழந்தார், தீர்மானித்தார், பொய் சொன்னார், இப்படி ஏதாவது. 'டீக்கடையில் உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள்' என்பது மாற்றம் இல்லை. அந்தப் பழைய கதையைக் கேட்டு ஒருவர் தன் பயணத்தை ரத்து செய்தார் என்றால் மாற்றம்.

கடைசியாக எழுதின ஐந்து காட்சிகளை வரிசை மாற்றிப் படித்துப் பாருங்கள். எந்த வரிசையில் வைத்தாலும் பாதகமில்லை என்று தோன்றினால் கதை ஒரே இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு, சொல்லோடு சேர்த்து 'இந்த மாதம் முடித்த காட்சிகள்' என்று ஒரு எண்ணையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பேச்சுத் திறமை உள்ளவர்களுக்கு இது கட்டாயம், அவர்களுக்குச் சொல் சுலபமாக வரும்.

முதல் நாலு அத்தியாயம் வேகமா போச்சு, இப்ப கையே ஓடல. எனக்குத் திறமை இல்லையோ?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருகிற கேள்வி இது, கேட்கிறவர்களின் குரலில் இருக்கிற வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நாலு அத்தியாயத்தையும் நீங்கள் வருடக்கணக்காக மனசில் சுமந்திருக்கிறீர்கள். பாட்டி சொன்னது, சின்ன வயசில் பார்த்தது, யாரிடமும் சொல்லாதது எல்லாம் அங்கே போய்விட்டது. அதை எழுதினது பெரும்பாலும் இறக்கிவைத்ததுதான். ஐந்தாவது அத்தியாயத்தில்தான் முதன்முதலாகப் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது, அது மெதுவாகத்தான் வரும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் சொல் தாண்டின பிறகு இப்படி நிற்பதை நான் பார்த்த எல்லோரிடமும் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வாரம் சொல் கணக்கை நிறுத்திவிட்டுத் தீர்மானக் கணக்கு வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், இதுவரை படித்த ஒருவருக்கு என்னென்ன தெரிந்துகொள்ளத் தோன்றும் என்று எழுதுங்கள். அத்தை ஏன் ஊருக்குத் திரும்பவில்லை? பெட்டியில் இருந்த நகை யாருடையது? பெரியவன் எந்தக் கடிதத்தை மறைத்தான்? எட்டுப் பத்துக் கேள்வி வரும். தினமும் உட்கார்ந்து ஒன்றுக்கு மட்டும் பதில் தீர்மானியுங்கள், நோட்டில் அதை எழுதுங்கள், அன்றைய வேலை முடிந்தது. ஒரு வாரத்தில் உங்களிடம் ஆறேழு பதில் இருக்கும், அதில் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு காட்சி.

அப்படியும் அடுத்த காட்சி பிடிபடவில்லை என்றால் வரிசையை விட்டுவிடுங்கள். கடைசிக் காட்சி தெரியுமா? அதை எழுதுங்கள். நடுவில் ஒரு சண்டை வரப்போகிறது என்று தெரியுமா? சண்டையை எழுதுங்கள். நாவலை ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொலைவில் இரண்டு காட்சி நிற்கும்போது நடுவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது பாதி தானே தெரிந்துவிடும்.

நேத்து எழுதினதைப் படிச்சா சகிக்கல. திருத்திட்டு மேல போகவா?

வேண்டாம். உட்கார்ந்ததும் கடைசி ஒரு பக்கத்தை மட்டும் படியுங்கள், பேச்சின் ஓட்டத்தைப் பிடிக்க அது போதும். முதல் அத்தியாயத்திலிருந்து திருத்திக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வருடம் கழித்தும் அழகான மூன்று அத்தியாயத்தோடு இருப்பார்கள். பின்னால் கதை மாறும்போது அந்த மூன்றிலேயே ஒன்று தேவைப்படாமல் போகும்.

கண்ணில் பட்ட குறைகளுக்குத் தனியாக ஒரு தாள்: 'அத்தியாயம் 3, அத்தைக்கு வயது ஏற்று', 'மாமா பெயரை மாற்று'. எழுதிவிட்டு, இனி எழுதுவதில் அது ஏற்கெனவே மாறிவிட்டதாகவே வைத்து எழுதுங்கள். பாதியில் மாமாவுக்கு வேறு பெயர் வந்தால் வரட்டும், உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை.

ஒரு பெரிய பகுதியை வெட்டிட்டேன், எண்ணிக்கை குறைஞ்சுபோச்சு. இப்ப என்ன எழுதுறது?

அன்றைக்குப் புதிதாக எழுதினதை மட்டும் எழுதுங்கள், வெட்டினதைக் கழிக்காதீர்கள். வெட்டினதை அழிக்கவும் வேண்டாம், 'வெட்டியவை' என்று ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். உழைத்த நாளுக்கு எதிரே கழித்தல் குறி இருந்தால் மறுநாள் உட்கார மனசு வராது, அவ்வளவுதான் காரணம்.

எங்க தாத்தா 1942ல நடந்தே இந்தியாவுக்குப் போனதைத்தான் எழுதுறேன். தகவல் தேடித் தேடியே மாசக்கணக்கா போயிடுச்சு.

நம் ஆட்களிடம் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் நம் கதைகள் எல்லாம் போய்த் தொடுவது 1942இல் அல்லது 1964இல். தேடுவது வீண் வேலை இல்லை. ஆனால் எழுத ஆரம்பிக்க எது போதும், எது அப்புறம் என்று பிரிக்க வேண்டும். ரங்கூன் மேல் முதல் குண்டு 1941 டிசம்பர் 23இல் விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. நடந்தவர்கள் சிலர் தௌங்கூப் கணவாய் தாண்டி அரக்கான் வழியாக, சிலர் தமு வழியாக மணிப்பூருக்கு, சிலர் ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்குப் போனார்கள். உங்கள் தாத்தா எந்த வழி என்பது தெரிந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். அந்தக் காலத்தில் ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் நடந்து போனவர்தான், அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அதுபோன்ற ஒன்றைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

மற்றதுக்கெல்லாம் எழுதும்போதே இடம் விட்டுவிடுங்கள். 'அன்றைக்கு அரிசி படி [விலை பார்க்கணும்] விற்றது' என்று சதுர அடைப்பில் போட்டுவிட்டு நகருங்கள். பின்னால் அந்த அடைப்புக்குறியைத் தேடினால் எல்லா இடமும் வரிசையாகக் கிடைக்கும். 1964 மே 17இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தது மாதிரியான, கதையையே திருப்புகிற தகவல்களை மட்டும் முன்பே சரிபாருங்கள், தேதி தவறினால் காட்சியே நிற்காது. தேடலுக்கு வாரத்தில் ஒரு நாள் வையுங்கள், நோட்டில் அதையும் 'தேடல்' என்று எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து தேடல் மட்டுமே இருந்தால் எழுதப் பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதை எப்போது முடியுமோ அப்போதே செய்துவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

பேசுறதுக்குத் தமிழ் வருது, எழுத உட்கார்ந்தா பர்மாப் பேச்சுதான் முந்திக்கிட்டு வருது. அங்கயே நின்னுடுறேன்.

நிற்காதீர்கள், வருகிற சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி அதே சதுர அடைப்பைப் போடுங்கள். ஒரு நாளில் பத்து அடைப்பு விழுந்தால் விழட்டும். அத்தியாயம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் பர்மாச் சொல் வந்தால் நான் எடுக்கவே சொல்ல மாட்டேன், நாம் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்.

பர்மா எழுத்திலேயே எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2019 அக்டோபர் 1இல் நாடு யூனிகோடுக்கு மாறினது, அதற்கு முந்தைய ஜாஜி எழுத்துருவில் குறித்துவைத்ததை ஒட்டினால் எழுத்து சிதறும். தமிழிலும் பழைய பாமினி எழுத்துருவை விட்டு யூனிகோடில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தேடல் வேலை செய்யாது, அடைப்புக்குள் என்ன எழுதினீர்கள் என்பதும் வேறு கணினியில் படிக்க வராது.

திஞ்சான், அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஒரு மாசத்துக்கு மேல தொடவே இல்ல. மறுபடி எப்படி ஆரம்பிக்கிறது?

நான் கணக்கு நோட்டை இவ்வளவு வற்புறுத்துவது இந்த ஒரு நாளுக்காகத்தான். விடாமல் எழுதுகிற வாழ்க்கை நம்மில் யாருக்கும் அமையவில்லை. இடைவெளி வரும், நிச்சயமாக வரும். நாவலை முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் நான் பார்த்த வித்தியாசம், முடித்தவர்களுக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்தது என்பதுதான்.

முதலில், பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். ஐந்து வாரம் விட்டுப்போனால் 6,000 சொல் பாக்கி என்று கூட்டி அதைத் தீர்க்கப் பார்த்தால் இரண்டாவது நாளே ஓடிவிடுவீர்கள். நோட்டில் அந்த இடைவெளியை ஒரு வரியாக எழுதுங்கள்: "ஏப்ரல் 12 முதல் மே 20 வரை: திஞ்சான், அம்மா ஆஸ்பத்திரியில்." வெறுமையாக விட்டால் வருடக் கடைசியில் பார்க்கும்போது சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், காரணத்தோடு எழுதினால் அது உங்கள் வாழ்க்கையாகத் தெரியும். இந்த வாரங்களை இரண்டாவது கேள்வியிலேயே மொத்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், முதல் நாள் எழுதவே எழுதாதீர்கள். நோட்டின் நாலாவது பத்தியை, 'அடுத்து என்ன' என்ற வரிகளை மட்டும் கடைசியிலிருந்து மேலே ஒரு பக்கம் படியுங்கள். இரண்டாவது நாள் கடைசி இரண்டு காட்சியைப் படியுங்கள், பேனாவைத் தொடாமல். மூன்றாவது நாள் 50 சொல், அதற்கு மேல் வந்தாலும் நிறுத்துங்கள். நாலாவது நாள் நீங்களே உட்காருவீர்கள். அந்த வாரத்தின் அளவு பாதிதான், அடுத்த வாரம் பழைய அளவு. அம்மா இன்னும் படுக்கையில் இருக்கிறார் என்றால் பழைய அளவுக்குப் போகவே வேண்டாம், பாதியையே புது அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுறதைப் படிக்க ஆளே இல்லக்கா. தனியா எத்தனை நாள்தான் எழுதுறது?

ஒரே ஒரு ஆள் போதும், வாரத்துக்கு ஒரு தடவை. கல்கி 'பொன்னியின் செல்வன்' கதையை 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் தொடராகத்தான் எழுதினார். அடுத்த வாரம் ஒருவர் காத்திருக்கிறார் என்பது எழுதுகிறவரைப் பிடித்து உட்காரவைக்கும். உங்கள் ஆளுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு காட்சி அனுப்புங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் சலிப்பாக இருந்தது, அடுத்து எதைத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில், நடுவில் நின்றுபோகிறவர்களுக்காகச் சொன்னேனே, அந்தக் கேள்விப் பட்டியலில் அப்படியே சேரும். ஒற்றுப்பிழை திருத்தம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வரைவைத் திருத்தி அனுப்புகிற நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுத்தை நிறுத்திவிடுவார்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையா? வாசித்துக் காட்டுங்கள். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் தேசியமயமான பிறகு, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கக் கற்காத ஒரு தலைமுறையே நம்மிடம் இருக்கிறது. அவர்களைப் போலக் கதை கேட்கிறவர்கள் கிடையாது. அத்தை எந்த இடத்தில் 'ம்' கொட்டுவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள், சலிப்பான இடம் அதுதான்.

பர்மாவுல இருந்துக்கிட்டு தமிழ் நாவல் எழுதி யாரு படிக்கப் போறா? எதுக்கு எழுதணும்னு தோணுது.

இந்தக் கேள்விக்கு நான் நம்புவதைச் சொல்கிறேன். நம் தெருக்களை, நம் கடைகளை, பீலிக்கான் கோயிலுக்குப் போகிற கூட்டத்தை, திரும்பிப் போனவர்களையும் போகாமல் தங்கினவர்களையும் உள்ளேயிருந்து தமிழில் எழுத நம்மைவிட்டால் ஆள் மிகக் குறைவு. சென்னையிலிருந்து ஒருவர் வந்து எழுதினால் அது வந்து பார்த்தவரின் கதை. அதற்காக எழுதுங்கள். படிக்கிறவர்கள் தமிழ்நாட்டில், மலேசியாவில், சிங்கப்பூரில் இருப்பார்கள், பர்மாவிலிருந்து போன குடும்பங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. ஆனால் பதிப்பாளர் யார், விலை என்ன என்பதையெல்லாம் முதல் வரைவு கையில் வந்த பிறகு யோசிக்கலாம். பாதி நாவலை வைத்துக்கொண்டு அதை யோசித்தால் சோர்வுதான் மிஞ்சும்.

வேற ஒரு கதை மனசுல வந்துடுச்சு, இதைவிட நல்லா இருக்கு. அதை ஆரம்பிக்கட்டுமா?

ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு மூடிவையுங்கள், இதை முடித்துவிட்டுத் திறக்கலாம். புதுக் கதைக்கு இன்னும் நடுப்பகுதி வரவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது.

நிஜமாவே விட்டுடலாமான்னு தோணுது. எப்ப விடலாம்?

களைத்துப்போன ராத்திரியில் தீர்மானிக்காதீர்கள். ஒரு முழு வாரம் உங்கள் அளவை எழுதி முடித்து, அந்த வாரக் கடைசியில், பகல் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து பாருங்கள். நாலாவது பத்தியில் 'அடுத்து' என்று எழுத இன்னும் ஏதோ வருகிறது என்றால் களைப்புதான், அளவைக் குறைத்துத் தொடருங்கள். ஒரு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது, தீர்மானக் கணக்கு வைத்துப் பார்த்தும் பதில் வரவில்லை என்றால், அது நாவலாக இல்லாமல் நீண்ட சிறுகதையாகவோ குறுநாவலாகவோ இருக்கலாம். 15,000 சொல்லில் முடிகிற கதையை 40,000க்கு இழுத்துக்கொண்டிருந்தால் கை நிற்கத்தான் செய்யும். அங்கேயே முடிவைத் தேடுங்கள், அது விடுவதாகாது.

இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் நடந்த ஒரு சாவை, காணாமல் போன ஒருவரை எழுதும்போது உடம்பே மறுக்கும். தூக்கம் போகும். அப்போது அந்தக் காட்சியை மட்டும் அடைப்புக்குள் ஒரு வரியாகக் குறித்துவிட்டுத் தாண்டிப் போங்கள், கடைசியாக எழுதலாம், எழுதாமலும் விடலாம். உங்களைவிட நாவல் பெரிது இல்லை.

முதல் வரைவு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?

கடைசிக் காட்சி எழுதியாகிவிட்டது, ஆரம்பத்திலிருந்து அதுவரை போகிற வழியில் எழுதாத காட்சி எதுவும் இல்லை, அவ்வளவுதான். சதுர அடைப்புகள் இருக்கலாம், மாமாவுக்கு இரண்டு பெயர் இருக்கலாம், ஐந்தாவது அத்தியாயம் மோசமாக இருக்கலாம். நோட்டில் மொத்தச் சொல்லையும் தேதியையும் எழுதிக் கோடு போடுங்கள். கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: போன், பென் டிரைவ், மின்னஞ்சல்.

அப்புறம் நாலு வாரம் திறக்காதீர்கள். திறக்கும்போது அதே நோட்டில் புதுப் பக்கம் போட்டு ஆரம்பியுங்கள். திருத்தும்போது சொல்லை எண்ணுவதில் பயன் இல்லை, எத்தனை அத்தியாயம் பார்த்து முடித்தீர்கள், எத்தனை அடைப்பு தீர்ந்தது என்று எழுதுங்கள். குறைகளுக்காகத் தனியாக ஒரு தாள் வைத்திருந்தீர்களே, முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.